பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு கோடு

பிற்பகல் ஒன்று பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு தண்ணீர் பாட்டில்.

ஒன்பது மீட்டர் ஆழமுள்ள குழியின் தரையில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தலைமாட்டில், பாதி நிரம்பிய பெரிய பாட்டிலை மணலில் குத்தி வைத்திருந்தார்கள். அது சாய்ந்துகொண்டிருந்தது. கடிகாரத்தின் நிமிட முள்ளைப் போல, பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் தெரிந்தது. காற்று இல்லை. அருகில் படுத்திருந்தவரின் கை மார்பின் மேல் இருந்தது. பாட்டிலின் அடியை ஒட்டி ஒரு திர்ஹம் நாணயத்தின் அளவுக்கு மணல் வெளுத்து, கொதிக்கும் பாலின் நடுப்பகுதி போல மெல்ல அசைந்தது.

மேற்குச் சுவரின் நிழல் அப்போது ஓர் ஆள் நீளம் இருந்தது. அந்த நிழலுக்குள் சரியாக அடங்கும்படி, அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, வரிசையாகப் படுத்திருந்தார்கள். எண்ணினேன். முப்பத்தொரு பேர். குறட்டைச் சத்தம் மேலே வரை கேட்டது. அது கேட்டதே தவறு என்று எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அந்தக் குழியில் இரவும் பகலும் ஓட வேண்டிய பம்ப்புகளின் சத்தத்தில் குறட்டை கேட்கக் கூடாது.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு கணினி மென்பொருள். அப்போது நான் வேலை பார்த்த பழைய அலுவலகத்தில் இப்போது இருப்பவர்கள் சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். கணினிகளை எல்லாம் மறுபடி லினக்ஸுக்கு மாற்றுகிறார்களாம். "கணக்குப் போட, வரைபடம் போட எந்த இலவச மென்பொருள் சார் நல்லது? முதல் தடவை தேர்ந்தெடுத்தது நீங்கள்தானாமே" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரிக்குக் காரணத்தை எழுதக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் படித்தது கணிதம். பிழைத்தது மெய்ப்புத் திருத்தி. திருச்சியில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள். பிறகு துபாய். நிலத்தடி நீர்மட்டத்தையும் மண்ணின் அசைவையும் அளந்து கட்டுமானக் கம்பெனிகளுக்கு அறிக்கை தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். கராமாவில் பலசரக்குக் கடைக்கு மேலே மூன்று அறைகள். சைட்டுகளிலிருந்து மாலையில் டிரைவர் கொண்டுவரும் அளவுத் தாள்களைக் கணினியில் ஏற்றி, வரைபடமாக்கி, மாத அறிக்கையில் ஒட்டுவது என் வேலை.

பத்திரிகைப் பழக்கம் ஒன்றை அங்கேயும் கொண்டுபோனேன். மெய்ப்பில் காலி இடம் இருக்கக் கூடாது. தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு மறுநாள் காலை டிரைவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் தாள்கள் சுத்தமாக இருக்கும் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் மேலாளர் காதர் சார், கீழக்கரைக்காரர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வரைபடத்தை அவர் பார்க்கும் முறை தனி. தாளை மேசையில் வைக்க மாட்டார். இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வலது ஓரத்திலிருந்து இடதுபுறமாகப் படித்துக்கொண்டு வருவார். "கடைசில என்ன ஆச்சுன்னு முதல்ல தெரிஞ்சிக்கிட்டா, நடுவுல எவன் பொய் சொல்றான்னு தானா தெரியும்" என்பார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் மேசை டப்பாவிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துத் தின்று, கொட்டையைக் காகிதத்தில் மடித்து வைப்பார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் அலுவலகம் அமைதியாகிவிடும்.

அந்தக் கோடையில் ஒருநாள் டப்பா திறந்தது.

"பேப்பர்காரரே," என்றார். அந்த அலுவலகத்தில் என் பெயர் அதுதான். "நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர் அம்புட்டும் திருட்டு சாமானாமே?"

"கராமாவில் கதவைத் தட்டி விற்கிறானே சார், அவனிடம் வாங்கியதுதான்."

"செக்கிங் வருதுன்னு சொல்றாங்க. காசு குடுத்து வாங்குறதுன்னா நம்ம முதலாளி அர்பாப் தலைய ஆட்ட மாட்டார். லினக்ஸ்ல எல்லாம் சும்மா கிடைக்குதாம்ல. ஒண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு வாரம். ஆனா கோடு அழகா வரணும். கிளையண்டுக்கு வளைஞ்சு வளைஞ்சு போற கோடுதான் புடிக்குது."

சத்வாவில் கணினி பழுது பார்க்கும் நண்பர் லினக்ஸ் சி.டி.க்களைப் பதிந்து கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நான் நம்பவில்லை. இலவசம் என்றால் உள்ளே ஏதோ இருக்கும் என்று நினைக்கும் வயது எனக்கு அப்போது. "உள்ளே இருக்கிறதை எல்லாம் யார் வேணா திறந்து பார்க்கலாம், அதான் இதுல விசேஷம்" என்றார் அவர்.

ஐந்து மென்பொருள்களை எடுத்துக்கொண்டேன். ஒரே புள்ளிவிவரத்தை ஐந்திலும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. அதற்கு எட்டாம் நம்பர் குழாயைத் தேர்ந்தெடுத்தேன். பர் துபாயில் க்ரீக் என்ற கடல்கழியை ஒட்டிய ஒரு சைட். அடித்தளத்துக்கு ஒன்பது மீட்டர் தோண்டியிருந்தார்கள். அந்த மண்ணில் இரண்டு மீட்டரிலேயே தண்ணீர் வந்துவிடும். பம்ப் வைத்து இடைவிடாமல் இறைத்து, நீரைக் குழியின் தரைக்குக் கீழேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். உள்சுவரை ஒட்டி, மண்ணுக்குள்ளிருந்து மேலே வரை வரும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் எட்டாம் நம்பர். அதற்குள் நாடாவை இறக்கினால், முனை தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். மேலிருந்து அதுவரை எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்வார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு முறை. எண் பெரிதாக இருந்தால் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, நல்லது. எண் குறைந்தால் தண்ணீர் மேலே வருகிறது.

எட்டாம் நம்பரை எடுத்ததற்கு ஒரே காரணம், முப்பது நாள் தாளில் ஒரு காலிக் கட்டம்கூடக் கிடையாது என்பதுதான்.

ஓபன் ஆபீஸ் பழகியதைப் போலவே இருந்தது. 'மென்மையான கோடு' என்று ஒரு கட்டத்தை டிக் செய்தால் காதர் சார் கேட்ட வளைவு வந்துவிட்டது. மேக்சிமா குறியீட்டுக் கணிதத்தில் கெட்டிக்காரன். சமன்பாடு கொடுத்தால் தீர்த்து, வரைந்தும் காட்டும். என்னிடம் சமன்பாடு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஆர் என்ற ஒற்றை எழுத்துப் பெயர்கொண்டது புள்ளியியலுக்கு உரியது; நல்லதுதான், ஆனால் ஒரு வாரத்தில் அதன் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. ஆக்டேவ் எண் அட்டவணைகளைக் கூட்டிக் கழிக்க அருமையாக இருந்தது. வரையச் சொன்னால் ஐந்தாவதான க்னூபிளாட்டைக் கூப்பிட்டது. எனவே கடைசியில் க்னூபிளாட்டுக்கே போனேன்.

அதில் பொத்தான்கள் இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். வேறு எதுவும் சொல்லாமல் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் அது கோடே போடாது. அளவு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புக் கூட்டல் குறியை வைக்கும், அவ்வளவுதான். புள்ளிகளைச் சேர்க்க வேண்டும், வளைக்க வேண்டும் என்றால் நாம் தனியாகக் கேட்க வேண்டும். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள், மெய்ப்புத் திருத்துபவனுக்கு ஏற்ற கருவி இதுதானோ என்று தோன்றியது.

மூன்றாம் நாள் ஒரு சோதனை செய்தேன். ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஆக்டேவில் கழித்து எடுத்து, முப்பது நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக க்னூபிளாட்டில் போட்டேன். கீழே மணி. ஒவ்வொரு மணிக்கு நேரேயும் முப்பது கூட்டல் குறிகள். ஏழு மணிக்கு மேல் எறும்புக் கூட்டம் மாதிரிச் சிதறியிருந்தன. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் அப்படியே. க்ரீக்கில் கடல் ஏறி இறங்கும்போது நிலத்தடி நீரும் ஏறி இறங்கும். அது ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது.

ஒரு மணிக்கு நேரே ஒரே ஒரு கூட்டல் குறி இருந்தது. இரண்டு மணிக்கு நேரேயும் ஒன்றுதான்.

மென்பொருள் எதையோ விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். இலவசம் அல்லவா. கோப்பைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தேன். முப்பது எண்களும் இருந்தன. முப்பது குறிகளையும் அது வரைந்துதான் இருந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக. முப்பது நாளும் பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணிக்குச் சரியாக இரண்டு சென்டிமீட்டர் குறைவு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு இன்னும் இரண்டு சென்டிமீட்டர். பூமிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு தண்ணீர், ஒரு மாதமாக, மதியம் மட்டும், ரூல்தடி வைத்ததுபோல நடந்துகொண்டிருந்தது.

கழுத்தின் பின்புறம் சில்லிட்டது. ஏ.சி. என்று நினைத்துக்கொண்டு எழுந்து அதைக் குறைத்துவிட்டு வந்தேன்.

அந்த எண்களை எல்லாம் கணினியில் ஏற்றியவன் நான். ஒரு எண் பிசகாமல் ஏற்றியிருந்தேன். மூலத்தில் இருப்பது பிரதியில் இருக்கிறதா என்று பார்ப்பவன் மெய்ப்புத் திருத்தி. மூலம் உண்மையா என்று பார்ப்பது வேறு ஆளின் வேலை. அந்த வேறு ஆள் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

காதர் சார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். வலமிருந்து இடமாக வந்த பார்வை மூன்று மணியிலேயே நின்றது.

"மூணு மணில ஏன் எப்பவும் ஏத்தம்?"

"கடலேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் சார்."

"கடலேத்தம் தினம் அம்பது நிமிஷம் தள்ளிப் போகும். நான் கடக்கரையில பொறந்தவன். ஒரு மாசமா மூணு மணிக்கே வந்து நிக்கிறதுக்கு, கடலுக்கு என்ன டியூட்டி டைமா இருக்கு?" தாளைக் கீழே வைத்தார். "மூணு மணிக்கு முன்னாடி அங்கன என்னமோ நடக்குது. ஒரு மணிக்குப் போய்ப் பாருங்க. சொல்லிட்டுப் போகாதீங்க."

அப்படித்தான் ஒன்று பத்துக்கு அந்தக் குழியின் விளிம்பில் நின்றேன்.

கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை கூடாது என்ற சட்டம் வந்து அப்போது சில காலம்தான் ஆகியிருந்தது. சைட்டில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. கிரேனின் கொக்கி அசையாமல் தொங்கியது. பம்ப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். நிறுத்தி அரை மணி நேரமாவது ஆகியிருக்கும் சூடு. எட்டாம் நம்பர் குழாயின் மூடியைத் திறந்தேன். குழாய்க்குள்ளிருந்து காற்று வெளியே வந்தது. யாரோ மூச்சை விடுவதுபோல, மெதுவாக, நிற்காமல். கீழே தண்ணீர் ஏறினால் மேலே காற்று வரும். காரணம் தெரிந்தும் கையை எடுத்துவிட்டேன்.

நாடாவை இறக்கினேன். பத்து மீட்டருக்குப் பக்கத்தில்தான் கத்த வேண்டும். பாதியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாத அந்த இடத்தில் 'பீப்' என்ற ஒலி எழுந்தபோது நானே திடுக்கிட்டேன். ஒன்பது மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர். குழி ஒன்பது மீட்டர். படுத்திருப்பவர்களின் முதுகுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் மணல்கூட இல்லை.

குழியிலிருந்து ஏற ஒரே ஒரு இரும்புப் படிக்கட்டு. "ஓடுங்கள்" என்று கத்தியிருந்தால் முப்பத்தொரு பேரும் அதில் ஒரே நேரத்தில் விழுந்திருப்பார்கள். அந்த ஊரில் கூட்டத்தை வரிசையாக எழுப்பும் சொல் ஒன்று உண்டு.

"செக்கிங்!" என்று கத்தினேன். "லேபர் செக்கிங் வருது! எல்லாரும் ஷெட்டுக்கு வாங்க, வரிசையா!"

ஓய்வு நேரத்தில் மேலே உள்ள தகர ஷெட்டில்தான் இருக்க வேண்டும், குழிக்குள் படுப்பது குற்றம் என்று அவர்களுக்குத் தெரியும். எழுந்தார்கள். அட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே படியேறினார்கள். முதலில் வந்தவர் பக்கிரி, திருவாரூர்ப் பக்கத்துக் கம்பி கட்டும் தொழிலாளி.

"யோவ், செக்கிங்காரனுக்கு மதியம் தூக்கமே வராதா? ஏ.சி. ரூம்ல படுத்திருந்தோம்யா."

"எது ஏ.சி. ரூம்?"

"கீழதான் சார். ஒரு மணி ஆச்சுன்னா மணல் ஜில்லுன்னு ஆயிடும். ஷெட்டுல படுத்தா அப்பளம் மாதிரி பொரிஞ்சு போவோம். இந்த இடத்தைக் கண்டுபுடிச்சதே நான்தான். நியாயமா எனக்கு வாடகை தரணும் இவனுங்க."

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். என்னைத் தாண்டி ஒவ்வொருவராக ஷெட்டுக்குப் போனார்கள். அப்போதுதான் முதுகுகளைப் பார்த்தேன். எல்லாச் சட்டைகளும் முன்பக்கம் காய்ந்திருந்தன. பின்பக்கம், தோளிலிருந்து இடுப்பு வரை, படுத்திருந்த வடிவத்திலேயே நனைந்திருந்தன. முப்பத்தொரு முதுகுகள். வேர்வை என்றே அவர்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள். காய்ந்த பழைய கறையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

கடைசியாக வந்தவர் சிவசாமி. எங்கள் கம்பெனி ஆள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுபவர். அரியலூர்ப் பக்கம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் பதினான்கு மாதம் முடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் செக்கிங் எதுவும் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு மணி ரீடிங் எடுத்தீங்களா சிவசாமி?"

"எழுதிட்டேன் சார்."

"எடுத்தீங்களா?"

அவர் நனைந்த சட்டையை முதுகிலிருந்து இழுத்துவிட்டுக்கொண்டார். "பன்னெண்டரைக்கு மேல இங்க நிக்க வுடமாட்டான் சார், சேஃப்டிக்காரன். வெளிய தலை தெரிஞ்சா அவன் வேலை போயிடும். சட்டம் வந்த மொத மூணு நாளு காலியாத்தான் வுட்டேன். மூணு நாளும் சிவப்பு வட்டம் போட்டு நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க."

எனக்கு நினைவிருந்தது. மூன்று தாள்கள். ஆறு வட்டங்கள்.

"அப்பறம், பன்னெண்டு மணிக்கு ரீடிங் எடுக்கையிலயே ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் ரெவ்வெண்டு சென்டிமீட்டரு குறைச்சு எழுதிடுவேன். மூணு மணிக்கு எப்படியும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், அதுக்குத் தோதா. பம்ப்பை நிறுத்துறது எனக்குத் தெரியாது சார். தூங்கிடுவேன்" என்றார்.

பம்ப் ஆட்களும் ஓய்வெடுக்க வேண்டும், என்ஜினும் ஆற வேண்டும் என்று பன்னிரண்டு நாற்பதுக்கு நிறுத்தி, இரண்டு மணிக்கு ஓடவிடுவது கட்டுமானக் கம்பெனி ஃபோர்மேனின் வழக்கம். நிறுத்தியதும் தண்ணீர் ஏறும். ஓடவிட்டதும் இறங்கும். மூன்று மணிக்கு நாடாவை இறக்கும்போது கொஞ்சம் மிச்சம் மட்டும் தெரியும். அளக்கும் ஆளும், பம்ப் ஓட்டும் ஆளும், வேலை செய்யும் ஆளும் ஒரே நேரத்தில் கண்ணை மூடும் அந்த எண்பது நிமிடம்தான் அந்தத் தண்ணீர் வெளியே வரப் பார்க்கும் நேரம்.

அன்று மாலையே கடலேற்ற அட்டவணையை எடுத்து க்னூபிளாட்டில் இதன்மேல் போட்டுப் பார்த்தேன். இதுவரை மதியத்து நிறுத்தமும் கோடையின் மிகப் பெரிய கடலேற்றமும் ஒன்றாக வரவில்லை. அட்டவணைப்படி அன்றிலிருந்து ஆறாம் நாள் இரண்டும் ஒன்றரை மணியை ஒட்டிச் சந்தித்தன.

கட்டுமானக் கம்பெனியின் திட்ட மேலாளரிடம் காதர் சாரும் நானும் போனோம். அவர் எங்கள் பழைய மாத அறிக்கைகளை எடுத்து மேசையில் பரப்பினார். வளைந்து வளைந்து போகும் அழகான கோடுகள். "ஒரு மாதமாக எல்லாம் சரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்று ஒரு கிளார்க் ஒரு தடவை நாடாவை இறக்கினார் என்பதற்காக நான் வேலை முறையை மாற்ற வேண்டுமா? பழைய அளவுகள் பொய் என்றால் நிரூபியுங்கள். யார் எழுதியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திரும்பி வந்ததும் டப்பா திறந்தது. காதர் சார் பழத்தைத் தின்று முடித்துக் கொட்டையை மடித்தார்.

"நிரூபிக்கணும்னா அந்த ஒத்தைக் கூட்டல் குறியக் காட்டணும். காட்டுனா கீழ யார் கையெழுத்துன்னு கேப்பான். அந்தப் பேரை நான் எழுதவா, நீங்க எழுதுறியளா?"

"காலிக் கட்டத்தைத் திருப்பி அனுப்பியது நான் சார். அதையும் சேர்த்து எழுதுங்கள்."

"எழுதலாம். அந்த வரியப் படிக்க மாட்டாங்க."

முப்பத்தொரு முதுகுகளும் என் கண்ணில் இருந்தன. சிவசாமியின் பெயரை நான்தான் தட்டச்சு செய்தேன். என் வட்டங்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன்.

மறுநாளே பதில் வந்தது. இரண்டு கேட்டிருந்தோம். ஆட்கள் மேலே ஷெட்டில்தான் ஓய்வெடுக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்டது. அளவு எடுக்கும் ஆளை மாற்ற வேண்டும் என்பதை நாங்கள் கேட்கவே இல்லை. அதை அவர்களே சேர்த்திருந்தார்கள், உடனடியாக. பம்ப்புகளை மதியம் நிறுத்தக் கூடாது என்பது 'பரிசீலனையில்' இருந்தது. என் பத்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விசா ரத்துத் தாளில் கையெழுத்துப் போடச் சிவசாமி கராமா அலுவலகத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. போட்டுவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? நாலாவது நாளும் காலியாவே வுட்டிருந்தன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"திருப்பி அனுப்பியிருப்பேன்."

"அதான் நெனச்சேன்" என்றார். கோபம் இல்லை. சந்தேகம் தீர்ந்தவரின் முகம்.

அவர் போன பிறகு நான் செய்தவை இவை. மதியத்து இரண்டு கட்டங்களில் கோடு அடித்த புதிய படிவம் ஒன்று தயாரித்து அச்சுக்கு அனுப்பினேன். பழைய படிவம் சட்டம் வருவதற்கு முன்னால் அச்சடித்தது. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு ஷெட்டுக்கு போன் போட்டுத் தலையை எண்ணச் சொன்னேன். போனை எடுப்பவர் பக்கிரிதான்.

"முப்பத்தொண்ணும் பொரியுது சார். எண்ணெய் ஊத்துனா திருப்பிப் போட்டுடலாம். எங்க ஏ.சி.யை மூடிட்டீங்க, உங்க ஏ.சி. ஓடுதா?"

அறிக்கைகளுக்கு இனி எந்த மென்பொருள் என்று காதர் சார் கேட்டார். க்னூபிளாட், புள்ளிகள் மட்டும், அளவு எடுக்காத இடத்தில் வெற்றிடம் என்றேன். "கிளையண்டுக்குப் புடிக்காது" என்றார். பிறகு தலையை ஆட்டினார்.

ஆறாம் நாள், ஒன்று இருபத்தைந்துக்கு போன் வந்தது. பக்கிரி. ஒரே வரிதான் சொன்னார்: "சார், கீழ மணலு கொதிக்குது."

காதர் சாரின் காரில் போனோம். மேற்குச் சுவரில் இருபது மீட்டர் நீளத்துக்குச் சுவரே இல்லை. அதன் பின்னால் இருந்த சாலையோர மண்ணும் சாய்ந்து உள்ளே கிடந்தது. எட்டாம் நம்பர் குழாய் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் ஓசையில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் அட்டைகள் மிதந்தன. மண் விழுந்த வேகத்திலும் ஒன்றும் கலையவில்லை. பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய படுத்திருந்த வரிசையிலேயே மிதந்தன. ஷெட்டின் முன்னால் ஆட்கள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன். முப்பத்தொரு பேர். மறுபடி எண்ணினேன். பம்ப்புகள் நின்றிருந்தன.

அளவு எடுக்கும் ஆளின் கேபினுக்குப் போனேன். புதிதாக வந்தவருக்கு அது மூன்றாம் நாள். புதிய படிவம் அச்சகத்திலிருந்து வந்திருக்கவில்லை. பழகிக்கொள்வதற்கு மாதிரியாகச் சிவசாமியின் தாள்களை சைட் அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். அவர் வெளியே கூட்டத்தோடு நின்றிருந்தார். மேசைமேல் கிளிப் போர்டில் அன்றைய தாள் இருந்தது.

எட்டாம் நம்பர் குழாய். பன்னிரண்டு மணி, 10.37. ஒரு மணி, 10.35. இரண்டு மணி, 10.33.

என் கடிகாரத்தில் அப்போது மணி ஒன்று ஐம்பது.